வேலிக் கம்பத்துச் சாம்பல்

பிப்ரவரி மாதம், விறகு வெட்டப் போன இடத்தில்தான் கிளெம் விழுந்தான். ரம்ப மெஷின் சத்தம் நின்று வெகுநேரமாகியும் ஆளைக் காணோமே என்று நெரிடா வேலி தாண்டிப் போய்ப் பார்த்தாள். பாதி அறுத்த தைல மரத்துக்குப் பக்கத்தில், கன்னம் மண்ணில் பதிய, கண்ணைத் திறந்தபடியே கிடந்தான். அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தான். வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

ஹோபார்ட் ஆஸ்பத்திரியில் பத்து வாரம் வைத்திருந்து ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பான். பேச்சு வந்தது, ஆனால் நினைக்கிற வார்த்தை வராது. கரண்டி வேண்டுமென்றால் 'நாய்' என்பான். மருமகன் பார்க்க வந்தபோது வாய் நிறைய 'டிராக்டர்' என்று கூப்பிட்டான். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள், அவனும் அரை முகத்தால் சிரித்தான். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "அவர் என்ன வார்த்தை சொல்றார்னு கவனிக்காதீங்க. எதைப் பாத்துச் சொல்றார்னு கவனிங்க." நெரிடா தலையாட்டினாள். அதில் முதல் பாதிதான் அவள் மனதில் தங்கியது.

வீடு பாத்வெல்லுக்கு மேற்கே, மேட்டு நிலத்தில் இருந்தது. பலகை வீடு, பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்று தாராளமாக வந்து போகும். நடுக்கூடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்புக் கணப்பு ஒன்று உண்டு. அது எரிந்தால் வீடு, அணைந்தால் கொட்டகை. கரண்டில் ஓடுகிற சின்ன ஹீட்டர் ஒன்றும் இருந்தது. அதைப் போட்டுவிட்டுக் கெட்டிலையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.

கிளெம் நாற்பது வருஷம் வேலி போடுகிற வேலை பார்த்தவன். அந்த மேட்டில் அவன் நடாத கம்பம் குறைவு. வேலி வேலை இல்லாத நாளில் விறகு வெட்டுவான். இரண்டு குளிர்காலத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே அடுக்கி வைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. போன வருஷம்தான் தோள்வலி என்று பாதியோடு நிறுத்தியிருந்தான். மீதியை வெட்டப் போனபோது விழுந்துவிட்டான். ஜூன் நடுவில், அந்த ஊர்க் குளிர்காலம் தொடங்கும்போதே, விறகுக் கொட்டகையின் தரை தெரிய ஆரம்பித்தது.

ஊரில் விறகு விற்கிறவனுக்கு நெரிடா நாலு தடவை போன் செய்தாள்.

"உங்க மேட்டுல லாரி ஏறாதும்மா. போன வாரம் ஒருத்தர் வீட்டுல மாட்டி, டிராக்டர் வச்சு இழுத்தோம். தரை கொஞ்சம் காயட்டும்."

"தரை எப்ப காயும்?"

"செப்டம்பர்ல."

"அதுக்குள்ள நாங்க காஞ்சுடுவோம்ப்பா," என்று சொல்லி போனை வைத்தாள்.

அடுத்த நிலம் கேவனுடையது. முப்பது வருஷப் பழக்கம். கிளெம்மோடு மீன் பிடிக்கப் போகிறவன், குடிக்கிறவன், சண்டை போட்டுக்கொண்டு இரண்டு மாதம் பேசாமலும் இருக்கிறவன். நெரிடா அவனைத் தேடிப் போனபோது பழைய திராட்சைத் தோட்டத்தை அழித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் போட்ட கம்பங்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

"என்ன நெரிடா, நடந்து வந்திருக்க? வண்டி செத்துப்போச்சா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. வீட்டுலதான் விறகு இல்ல. உன்கிட்ட விழுந்த மரம் எதாச்சும் கெடக்கா?"

"கெடக்குறதெல்லாம் ஈரம். வேணும்னா இந்தக் குவியல எடுத்துக்கோ. பதினஞ்சு வருஷம் வெயில்ல நின்ன கம்பம். எனக்கும் எடம் சுத்தமாகும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். கிளெம் நட்ட கம்பம், அவனே குளிர் காயட்டும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அவனே டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியும் கொடுத்தான். நெரிடா ரம்ப மெஷினை ஓட்டி வருஷக்கணக்காகியிருந்தது. முதல் நாள் கை நடுங்கியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது. பைன் மரம், வெண்ணெய் மாதிரி அறுபட்டது. வெளிப்பக்கம் சாம்பல் நிறமாக வெளுத்திருந்தது. வெட்டின முகத்தில் லேசாக ஒரு பாசி நிறம். மழையில் நின்ற மரம் என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொட்டகையில் வரிசையாக அடுக்கி முடித்தபோது, கிளெம் இல்லாமல் நானும் ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

முதல் கட்டைகளைப் போட்ட சாயங்காலம் கிளெம் கணப்புக்கு நேரே அவனுடைய நாற்காலியில் இருந்தான். அவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"பச்சை," என்றான்.

"என்னது?"

"பச்சை." இடது கையால் கணப்பைக் காட்டினான்.

"பச்சை விறகா? நல்லாப் பாரு, சருகாக் காஞ்சு கெடக்கு. பதினஞ்சு வருஷக் கட்டை."

"இல்ல. பச்சை. பச்சை."

"நீ வெட்டினாத்தான் அது காஞ்ச விறகு, நான் வெட்டினா பச்சையாக்கும்? பேசாம இரு கிளெம். எத்தனை சுறுசுறுப்பா எரியுது பாரு."

உண்மையிலேயே நன்றாக எரிந்தது. பல வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டாள்.

அவன் விடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கட்டை போடும்போதெல்லாம் 'பச்சை' என்றான். அவள் இரண்டு துண்டுகளை எடுத்து வந்து அவன் காதுக்குப் பக்கத்தில் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினாள். டக்கென்று காய்ந்த சத்தம் கேட்டது. "கேட்டியா? ஈரக் கட்டை இப்படியா சத்தம் போடும்?" அவன் அவளையே பார்த்தான். கண்ணில் நீர் நின்றது. பக்கவாதம் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் அழுகை வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவள் துடைத்துவிட்டாள்.

ஜூலையில் அவனுக்கு வயிறு கெட்டது. சாப்பிட்டதை வாந்தி எடுத்தான். டாக்டர் போனில் கேட்டுவிட்டு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நெரிடாவுக்கு உள்ளங்காலும் விரல் நுனியும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தன. குளிரில் மரம் அறுத்த கை, அப்படித்தான் இருக்கும் என்று பன்றிக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் அவள் கணப்புக் கதவைத் திறந்து குனிந்து கட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் கோல் ஊன்றுகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் கிளெம் கோலைச் சாய்த்து வைத்துவிட்டு, மேசையிலிருந்த கண்ணாடித் தண்ணீர்க் கூஜாவை இடது கையால் தூக்கி நெருப்பின்மேல் எறிந்துவிட்டான். நீராவியும் சாம்பலும் வெடித்துக் கூடமெல்லாம் பறந்தன. அவள் முகம், முடி, தரைவிரிப்பு, அவனுடைய போர்வை, எங்கும் சாம்பல். கூஜா நொறுங்கிக் கிடந்தது. அவன் தடுமாறி, சாய்த்து வைத்த கோலை மறுபடி பிடித்துக்கொண்டு நின்றான்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? என் கண்ணு போயிருந்தா ரெண்டு பேரையும் யாரு பாக்குறது?"

"பச்சை," என்றான். மூச்சு வாங்கியது.

"இன்னொரு தரம் அந்த வார்த்தையச் சொன்ன..."

அவன் சொன்னான். அவள் அவன் கையிலிருந்து ஊன்றுகோலைப் பிடுங்கினாள். அவன் கெட்டியாகப் பிடித்திருந்தான். விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, கோலைக் கொண்டுபோய் அலமாரி உச்சியில் வைத்தாள். இரண்டு நாள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவனை அவளே தூக்கி உட்கார வைத்தாள், துடைத்தாள், ஊட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. மூன்றாம் நாள் கோலைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு கணப்பைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

சாம்பல் விஷயத்தில் கிளெம்முக்குக் கறாரான வழக்கம் ஒன்று உண்டு. காலையில் தட்டை இழுத்து, மூடி போட்ட தகர வாளியில் அள்ளி, சிமெண்டுத் தரையில் இரண்டு நாள் வைக்க வேண்டும். உள்ளே கங்கு ஒளிந்திருக்கும். ஆறின பிறகுதான் பூசணிப் பாத்திக்கும் கோழி புரள்கிற குழிக்கும் போகும். நெரிடா அதை ஒரு நாள் தவறாமல் செய்தாள். பாத்தி நிறைந்ததும் மிச்சத்தைப் பால் கறக்கிற கொட்டகைக்குப் பின்னால் குவித்தாள். பைன் கட்டை சீக்கிரம் எரிந்துவிடும். சாம்பலும் அதற்கேற்ப நிறைய விழுந்தது.

மாடு இரண்டு: டல்சி, மேபெல். இரண்டும் ஜெர்சி. மேபெல் சினையாக இருந்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பனி விழுந்து, காற்று அடித்து, கொட்டகைப் பக்கத்துக் கதவின் கம்பி வளையம் கழன்றுவிட்டது. காலையில் நெரிடா வாளியோடு போனபோது மாடுகள் உள்ளே வந்திருந்தன. சாம்பல் குவியலில் பனி மூடின ஒரு பக்கம் அப்படியே இருந்தது. மறு பக்கத்தை மண் தெரிய வழித்து நக்கியிருந்தன. டல்சி கொட்டகைச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. வாயில் எச்சில் நூலாகத் தொங்கியது. மேபெல் படுத்திருந்தது, பின்பக்கமெல்லாம் கழிந்து, தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் குரல் கேட்டு எழப் பார்த்தது. முன்கால் மடங்கி மறுபடி விழுந்தது.

கால்நடை டாக்டர் இங்கிரிட் வந்து சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. அதற்குள் மேபெல் போய்விட்டது. இங்கிரிட் டல்சியின் வாயைத் திறந்து பார்த்தாள், மூக்கிலிருந்த சாம்பலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு குவியலைப் பார்த்தாள்.

"இது எந்த மரத்துச் சாம்பல்?"

"பைன். பழைய வேலிக் கம்பம்."

"ஒரு துண்டு காட்டுங்க."

நெரிடா எடுத்து வந்து கொடுத்தாள். இங்கிரிட் பேனாக்கத்தியால் வெட்டு முகத்தைச் சுரண்டினாள். மேல் அழுக்கு போனதும் உள்ளே தெளிவாகத் தெரிந்தது. வெளிவளையம் முழுக்கப் பச்சை.

"இது மருந்து ஏத்தின கம்பம். கரையான் அரிக்காம இருக்கறதுக்காகப் பாஷாணம் ஏத்துவாங்க, கூடச் செம்பும் சேர்த்து. கட்டையா இருக்கற வரைக்கும் உள்ளயே கெடக்கும். எரிச்சா பாதி புகையோட போகும், மிச்சம் சாம்பல்ல தங்கும். உப்புக் கரிக்கிறதால மாடு தேடி வந்து நக்கும். ரெண்டு கரண்டி போதும்."

"டல்சிய..."

"ஒண்ணும் பண்ண முடியாது நெரிடா. வலியில்லாம முடிச்சு விடலாம்." கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்துக் கேட்டாள்: "இத எங்க எரிச்சீங்க? வெளியிலயா?"

"வீட்டுல."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம் இருக்கும்."

இங்கிரிட் கையுறையை மெதுவாகக் கழற்றினாள். "செம்பு இருக்கறதால நெருப்பு ஓரத்துல பச்சையா எரியுமே. ஒரு நாள்கூட நீங்க பாக்கலையா?"

கட்டையைத் தள்ளிக் கதவைச் சாத்தினதும் நெரிடா அடுப்படிக்குப் போய்விடுவாள். சமைக்கிற இடத்திலிருந்து கணப்பின் முதுகுதான் தெரியும். நெருப்புக்கு நேரே உட்கார்ந்திருந்தவன் ஒருவன்தான்.

உள்ளே வந்தாள். கணப்பில் காலையில் போட்ட கட்டை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அவனுடைய நாற்காலி முன்பு இருந்த இடத்தில் நின்று பார்த்தாள். மஞ்சள் சுடரின் ஓரத்தில், மயில் கழுத்து மாதிரி, மெல்லிய பச்சை ஓடியது. அழகாகக்கூட இருந்தது.

சுவரோரம் போய் அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நெருப்பையா சொன்ன, கிளெம்?"

"ஆமா."

"கம்பத்தையும்?"

"ஆமா."

"மாடு ரெண்டும் போச்சு."

அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்திருப்பான். இடது கையை அவள் தலைப்பக்கமாகக் கொண்டுவந்து, நீளமாக ஏதோ சொல்லத் தொடங்கினான். நெற்றி நரம்பு புடைத்தது. "நாய்," என்றான். "கரண்டி. நாய். கரண்டி... நாய்." நிறுத்திவிட்டு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளைத் திட்டினானா, பரவாயில்லை என்றானா, கோலைப் பிடுங்கினதைச் சொன்னானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று மத்தியானமே கேவன் தோண்டுகிற வண்டியோடு வந்தான். குழி பெரிதாக வேண்டியிருந்தது. இரண்டையும் இறக்கி மண்ணைத் தள்ளின பிறகு வண்டியை விட்டு இறங்கி வந்து நின்றான். தொப்பியைக் கழற்றவில்லை.

"நீ பந்தல் கிந்தல் போடப் போறன்னு நெனச்சேன் நெரிடா."

"விறகு இல்லன்னு சொல்லித்தானே வந்தேன்."

"சொன்னியா?"

"குளிர் காயட்டும்னு நீதான் சொன்ன."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது." காலால் மண்ணைத் தட்டினான். "மருந்து ஏத்தினதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் தோட்டத்த வாங்கறதுக்கு முன்னாடியே நட்டது. கிளெம்முக்குத்தான் தெரியும்."

"ஆமா," என்றாள். "அவனுக்குத் தெரியும்."

ஆஸ்பத்திரியில் இருவரிடமும் சிறுநீர் எடுத்தார்கள், முடி எடுத்தார்கள், நகம் எடுத்தார்கள். அவளுக்கு அளவு அதிகம்தான், ஆனால் நாள்பட இறங்கிவிடும் என்றார்கள். அவனுக்கு அதைவிட மூன்று மடங்கு. நாள் முழுக்க அந்தக் காற்றிலேயே உட்கார்ந்திருந்த உடம்பு. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அங்கேயே படுக்க வைத்தார்கள்.

மகள் ஜோலின் லான்செஸ்டனிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"அம்மா, அப்பா நாப்பது வருஷம் கம்பம் நட்டவரு. அவரு ஒரு நாள்கூட உன்கிட்ட சொன்னதில்லையா, இத எரிக்கக் கூடாதுன்னு?"

"சொன்னதில்ல."

அது பொய்யில்லை. வெட்டி மிஞ்சின துண்டுகளை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்ததே கிடையாது. தனியாகக் கட்டிக் குப்பைமேட்டுக்கு ஏற்றிப் போவான். இத்தனை நல்ல மரத்தை ஏன் வீணாக்குகிறான் என்று பல தடவை நினைத்திருக்கிறாள். கேட்டதில்லை. அது அவனுடைய வேலை, இது தன்னுடைய வேலை என்றே இருவரும் காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

"இந்தக் குளிர்காலத்துல? பேச முடியலன்னாலும் கைய காலக் காட்டியிருப்பாரே?"

"இல்ல," என்றாள் நெரிடா. இது பொய். ஜோலின் தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். நெரிடா மெதுவாகத் தன் கையை உருவிக்கொண்டாள்.

முகமூடி போட்டு, வெள்ளை உடுப்பு மாட்டின ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். தரைவிரிப்பைச் சுருட்டிப் பிளாஸ்டிக்கில் கட்டினார்கள். கிளெம்மின் நாற்காலியையும் போர்வையையும் எடுத்தார்கள். பூசணிப் பாத்தியை முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி ஏற்றினார்கள். பதினொரு கோழிகளையும் கொன்றார்கள். அவை இட்ட முட்டையைத்தான் ஜூலை முழுக்கக் கிளெம்முக்கு மசித்து ஊட்டியிருந்தாள். புகைபோக்கியைக் கழுவிக் கணப்பையும் சுத்தம் செய்து, இனிமேல் நல்ல விறகு போட்டு எரிக்கலாம், பயமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

கிளெம் செப்டம்பர் இரண்டாவது வாரம் இறந்தான். கடைசிப் பத்து நாள் அவன் வாயில் எந்த வார்த்தையும் வரவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்தாள். மன்னிப்புக் கேட்டாள், ஒரு தடவை இல்லை, பல தடவை. நர்ஸ் வந்தால் நிறுத்துவாள், போனதும் மறுபடி ஆரம்பிப்பாள். ஆஸ்பத்திரியில் கதகதப்பாக இருந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அந்தச் சாம்பலாலதான் போனாரா?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"பக்கவாதம் வந்த உடம்பு. அது இல்லாட்டியும் இந்த வருஷமே போயிருக்கலாம், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கவும் கூடும். இதனாலதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா." ஆறுதலாகத்தான் சொன்னார். இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

அடக்கம் முடிந்து, ஜோலின் தன்னோடு வரச் சொல்லிப் பார்த்து, அலுத்துத் திரும்பிப் போனாள். அக்டோபரிலும் மேட்டில் குளிர் விடவில்லை. ஒரு நாள் காலை கேவன் டிராக்டரில் நல்ல விறகு கொண்டுவந்தான். பிளந்து காயவைத்த தைல மரம். வீட்டுப் பக்கம் வராமல் கொட்டகைக்குள் போய் மூன்று மணி நேரம் அடுக்கினான். கிளெம் அடுக்குகிற மாதிரியே, பட்டை மேலாக, காற்று ஓட இடம் விட்டு. அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். முடித்ததும் அவன் ஜன்னல் பக்கம் ஒரு கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள்.

விறகு தொடாமல் அப்படியே இருந்தது. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கணப்பின் முன்னால் இரண்டு தடவை மண்டியிட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்ததும் அவன் விரல்களைப் பிரித்தெடுத்த ஞாபகம்தான் வந்தது, ஒவ்வொரு விரலாக. தீப்பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தச் சின்ன ஹீட்டருக்கு அடங்காத குளிர் நாட்களில் முற்றத்தில் நிற்கிற வண்டியில் போய் ஏறிக்கொள்வாள். இன்ஜினை ஓட விட்டு, ஹீட்டரை முழுசாகத் திருப்பி, கையை அதன்முன் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அன்றைக்கும் அப்படி இருந்தபோதுதான் ஜோலின் போன் வந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்."

"வீடு கதகதப்பா இருக்கா? அடுப்பு மூட்டினியா?"

"மூட்டினேன். நல்லா எரியுது."

"வண்டிச் சத்தம் கேக்குதே, எங்கயாவது கெளம்பறியா?"

"கடைக்கு," என்றாள்.

போனை வைத்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். டீசல் குறைந்திருந்தது, இன்ஜினை அணைக்க வேண்டும். அணைத்தால் இறங்க வேண்டும். கண்ணாடியில் படிந்த மூச்சுப் புகையைத் துடைக்காமல் அப்படியே விட்டாள்.